சூடு தெரியாத கை

விரல்கள் மடங்கவில்லை. கண்ணைத் திறப்பதற்கு முன்பே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வந்து இரண்டு கைகளுக்கும் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டுப் போனது போல விறைத்துக் கிடந்தன. போர்வையை முழங்கையால் விலக்கினாள். பிரஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே நிறுத்தி, தலையை ஆட்டி ஆட்டிப் பல் துலக்கினாள். சட்டைப் பொத்தானைப் புருஷன்தான் போட்டுவிட்டான். அவன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். அவன் விரலுக்குள் பொத்தான் நழுவி நழுவி ஓடியது.

"ஆடாம நில்லு. இந்தக் கைக்குப் பொத்தான் எல்லாம் போட வராது."

"அவுக்க மட்டும் நல்லா வரும்."

"வாய் மட்டும் விறைக்காதே உனக்கு."

பாத்திரத்தில் வெந்நீர் வைத்திருந்தாள். அதில் முக்கினால்தான் விரல் ஒவ்வொன்றாகத் திறக்கும். சூடு பார்க்க அவன் ஒரு விரலை விட்டுவிட்டு "ஐயோ" என்று உதறினான். அவள் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை உள்ளே விட்டுக்கொண்டு சும்மா நின்றாள்.

"கையா இரும்பா?" என்றான் அவன். பெருமையாகத்தான் கேட்டான்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலிருந்தும் அழுக்கு விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். கூடத்தின் நடுவில் ரோலர். கட்டிலை விட நீளமான, கொதிக்கும் இரும்பு உருளை. ஒரு பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து ஒரே நேரத்தில் உள்ளே கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் துணி கோணலாகப் போய்ச் சுருக்கம் விழும். மறுபக்கம் இரண்டு பெண்கள், கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை இழுத்து மடிக்க வேண்டும். அந்தப் பக்கம் நிற்க யாருக்கும் விருப்பம் கிடையாது. இவளும் நெட்டையும் அங்கேதான் நின்றார்கள்.

நெட்டை இவளை விட மூத்தவள். உயரத்தால் வந்த பெயர். இவளுக்கு இடுக்கி என்ற பெயர் கையால் வந்தது. மற்றவர்கள் துணியின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு விடுவார்கள், விரலை ஊதிக்கொள்வார்கள். இவள் முழுக்கையால் அள்ளுவாள். உருளையில் துணி ஒட்டிக்கொண்டால் கையை உள்ளே விட்டு உரித்து எடுப்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை மேற்பார்வையாளர் நேரே இவளிடம்தான் கூட்டி வருவார்.

"கையுறை எங்க, கையுறை எங்கன்னு கேக்குறீங்களே, இவங்களைப் பாருங்க. ஒரு நாள் கேட்டிருப்பாங்களா? எல்லாம் பழக்கம்தான்."

இவளும் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். அந்தக் கூடத்தில் எல்லோரும் பாடுபட்டு வளர்ந்தவர்கள். பாடுபட்ட கை மரத்துப்போகும், மரத்த கை நல்ல கை என்பது எல்லோருக்கும் தெரியும். காய்ப்பே ஏறாமல் ஒரு கை மரத்துப்போகிறதே, அது ஏன் என்று கேட்க அங்கே ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு டாக்டர்கள் இல்லாமல் இல்லை. கழுத்து வீங்கி, கொதிக்கிற கூடத்தில் நின்றுகொண்டு குளிருது குளிருது என்றபோது ஒருவர் தைராய்டு மாத்திரை கொடுத்தார். விரல் நுனியிலும் வாயோரத்திலும் வெள்ளைத் திட்டு விழுந்தபோது இன்னொருவர் களிம்பு கொடுத்தார். விரல் மூட்டு வீங்கியபோது மூன்றாமவர் வலி மாத்திரை எழுதினார். கழுத்து டாக்டரிடம் விரலைக் காட்டினால் திட்டுவாரோ என்று இவள் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. கை மரத்ததை யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கிறதைச் சொல்லத்தானே டாக்டர்? வலிக்காததைப் போய் எதற்குச் சொல்ல வேண்டும்?

வெள்ளைத் திட்டு வந்த புதிதில், ஓய்வு நேரத்தில் பெண்கள் தங்கள் டீ கிளாஸை இவள் கிளாஸிலிருந்து தள்ளி வைத்தார்கள். நெட்டை மட்டும் இவள் குடித்த மிச்சத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஒட்டிக்கிச்சுன்னா நல்லதுதான். நானும் கொஞ்சம் வெளுப்பேன்," என்றாள்.

அன்றைக்கு வெந்நீரில் வைத்தும் விரல் முழுதாகத் திறக்கவில்லை. மத்தியானத்துக்கு முன்னால் ஒரு பெரிய விரிப்பு உருளையில் சுற்றிக்கொண்டது. வழக்கம்போலக் கையை விட்டாள். துணியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. இடது கையின் ஓரம் உருளைக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே பதிந்து நின்றது. இவள் நெட்டையிடம் பக்கத்து வீட்டுக்காரி நாயைக் குளிப்பாட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை நிற்கவில்லை.

"என்னடி கருகுது?" என்றாள் நெட்டை.

"துணியா இருக்கும்."

"துணி வாசனை இல்லடி இது."

நெட்டை குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான், இவள் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் தரையில் விழுந்தார்கள். தோலில் ஒரு துண்டு உருளையிலேயே தங்கி, சுற்றி வந்து, அடுத்த விரிப்பில் பழுப்புக் கறையாக வெளியே வந்தது. நெட்டை அலறினாள். இவள் அலறவில்லை. கையை உயர்த்திப் பிடித்து, கடையில் தொங்குகிற இறைச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வலிக்கும், இதோ வலிக்கும் என்று காத்திருந்தாள். வரவே இல்லை. பயம் அப்போதுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. கட்டுப் போட்டு முடித்தும் இவளைப் போகவிடவில்லை.

"சுட்டப்ப தெரியலையா?"

"தெரியல."

"காலு?"

"பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கும். செருப்பு கழண்டாலும் தெரியாது. அது ரொம்ப நாளா இருக்கு."

டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் அங்கங்கே தொட்டாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கழுத்தைத் தடவினாள், விரல் மூட்டுகளை அழுத்தினாள், வெள்ளைத் திட்டுகளை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, ரத்தம் எடுத்தாள். அடுத்த முறை போனபோது நாற்காலியை இவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள்.

"தனித்தனியா வந்ததுன்னு நினைச்சீங்க இல்ல? எல்லாம் ஒரே குடும்பம்மா. உடம்புக்குள்ள காவலுக்குன்னு ஒரு படை இருக்கு. கிருமி வந்தா அடிக்கும். உங்களுக்கு அது ஆள் தெரியாம உங்களையே அடிக்குது. முதல்ல கழுத்து. அப்புறம் தோல் நிறம். அப்புறம் மூட்டு. வயித்துல ஒரு சத்தை உடம்புக்குள்ள எடுத்துக்க ஒரு வழி இருக்கு, அதையும் அடிச்சிடுச்சு. அந்தச் சத்து இல்லாமத்தான் நரம்பு மரத்துப்போச்சு."

இவள் யோசித்தாள். "எங்க கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி. வேலை முடிஞ்சு போற எங்க பையை எல்லாம் கொட்டிப் பாப்பான். மோட்டாரைத் திருடிட்டுப் போனவனுக்குக் கதவைத் திறந்து விட்டான்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதேதான்."

"வேலையை விட்டுத் தூக்க முடியாதா அவனை?"

"தூக்கிட்டா சாதாரணச் சளிக்கே செத்துடுவீங்க. அடக்கி வைக்கலாம். சத்து ஊசி போட்டா நரம்பு மெதுவாத் திரும்பும், முழுசான்னு சொல்ல முடியாது. மூட்டுக்கு வாரத்துல ஒரு நாள் மட்டும் போடுற மாத்திரை. தைராய்டு மாத்திரையை விடக் கூடாது. வெள்ளைத் திட்டு அதுபாட்டுக்கு இருக்கும், அதால ஆபத்து இல்ல, யாருக்கும் ஒட்டாது."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"ஒருத்திக்கு ஒண்ணு போதாதா டாக்டரம்மா? நாலா?"

"ஒண்ணு வந்த இடத்துக்கு இன்னொண்ணு வர்றது உண்டு. சிலருக்கு இப்படிக் கூட்டமா வரும். உங்க தப்பு எதுவும் இல்ல. இன்னும்கூட வரலாம், அதனால கண்ணு, வாய், எதுல மாற்றம் தெரிஞ்சாலும் வந்து சொல்லணும். வலிக்காததையும் சொல்லணும்."

"வரட்டும். நான் அழுதா திரும்பிப் போயிடப் போகுதா?"

டாக்டரம்மா சீட்டை எடுத்தாள். வேலைக்குப் போக வேண்டாம் என்று எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். இவள் கட்டுப்போட்ட கையை மேஜை மேல் வைத்து மறித்தாள்.

"வேலை வேணாம்னு எழுதாதீங்க. எந்த வேலை வேணாம்னு எழுதுங்க."

வீட்டில் புருஷன் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"போதும். வீட்ல இரு. நான் இன்னும் ரெண்டு நடை சேத்து ஏத்துறேன்."

"உங்க முதுகு என்ன கம்பெனி முதுகா? போன மாசம் குனிஞ்சவரு நிமிரவே ரெண்டு நாள் ஆச்சு."

"அதுக்காக? நாலு வியாதிக்காரியை வேலைக்கு அனுப்புறான்னு என்னைத்தான் பேசுவாங்க."

"பேசட்டும். வீட்ல உக்காந்தா நாலும் என்னைச் சுத்தி உக்காந்துக்கும். வேலைக்குப் போனா நாலையும் இழுத்துட்டுப் போவேன். அலையட்டும் எங்கூட."

அவன் மாத்திரைப் பட்டைகளை எடுத்து, அவள் விரலுக்கு உடைக்க வராது என்று, ஒவ்வொன்றாகப் பிரித்து மூடி கழன்ற டப்பாவில் போட ஆரம்பித்தான். கலந்துவிட்டான். அதற்கு ஒரு சண்டை நடந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து நிறம் பார்த்துப் பொறுக்கினார்கள்.

காயம் ஆறியதும் சலவைக்கூடத்துக்குப் போனாள். மேற்பார்வையாளர் அறையில் காகிதம் தயாராக இருந்தது. சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுவதாக அதில் அச்சடித்திருந்தது.

"உன் நல்லதுக்குத்தாம்மா. உனக்கு என்னென்னமோ இருக்காமே. ரோலர் பக்கம் நிக்கக் கூடாதுன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. இன்னொரு தரம் ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

"சொந்த விருப்பம்னு போட்டிருக்கு சார். எனக்கு அந்த விருப்பம் இல்லையே."

"இங்க பாரும்மா..."

"நான் பாத்தாச்சு. நீங்க பாருங்க." கட்டு அவிழ்த்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். சுருங்கிய இளஞ்சிவப்புத் தோல் சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஓடியது. "புதுசா வர்றவங்க எல்லார்கிட்டயும் இந்தக் கையைத்தானே காட்டுனீங்க? கையுறை கேக்காத கைன்னு? இப்பவும் காட்டுங்க. வெளியில யாராவது கேட்டா நானே காட்டுறேன். எங்க வெந்துச்சு, எந்த மிஷின்ல வெந்துச்சு, என்ன போட்டிருந்தேன்னு எல்லாம் சேத்துச் சொல்றேன்."

அவர் காகிதத்தை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார். கிழிக்கவில்லை.

"சரி, உன்னை எங்கதான் போட?"

"கறை மேஜையில."

கறை மேஜை கூடத்தின் கோடியில், வெள்ளை விளக்கின் கீழே இருந்தது. மடிப்பதற்கு முன் விரிப்பைப் பரப்பி, கறையும் கிழிசலும் பார்த்து, தேறாததை மறுபடி துவைக்க அனுப்ப வேண்டும். சூடு கிடையாது. முக்கியமாக, அங்கே ஒரு நாற்காலி உண்டு. அத்தனை பெரிய கூடத்தில் பெண்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலி அது. ஒரு காலத்தில் அதற்காக முடியைப் பிடித்துச் சண்டை நடந்ததால் பெண்களே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள்: ரோலரில் அதிக வருஷம் நின்றவளுக்குத்தான் நாற்காலி. அதில் இருந்தவள் மகள் வீட்டோடு போய்விட்டாள். அடுத்த முறை நெட்டையுடையது.

மேற்பார்வையாளருக்கும் அது தெரியும். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"நாற்காலி நான் குடுக்குறது இல்லையே. உங்க சட்டம். நெட்டை விட்டுக்குடுத்தா தாராளமா உக்காரு. இல்லேன்னா காகிதம் இங்கேயேதான் இருக்கும்."

துணி மாற்றும் அறையில் நெட்டை பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துப் பட்டைத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு கயிறாக முறுக்கிக் கருநீலத்தில் புடைத்திருந்தன.

"அக்கா, அந்த நாற்காலி எனக்கு வேணும்."

நெட்டை நிமிரவில்லை. "எனக்கும்தான் வேணும்."

"எனக்கு வேலையே போயிடும்."

"எனக்குக் கால் போயிடும். இந்தா, கண் இருந்தா பாரு. வருஷக்கணக்கா அந்த நாற்காலியை நினைச்சுத்தான் நின்னுட்டிருக்கேன். புருஷனைக்கூட இப்படி நினைச்சதில்ல."

"உன் கால் வலிச்சா உனக்குத் தெரியுது. என் கை வெந்தா எனக்குத் தெரியல, உனக்குத்தான் தெரியுது. நீ பக்கத்துல இல்லாத அன்னைக்கு என்ன பண்றது?"

"பேச்சு மட்டும் மரத்துப்போகலடி உனக்கு." பட்டைத் துணியை இழுத்து முடிச்சுப் போட்டாள். "என்ன, பிச்சை கேக்குறியா?"

"பிச்சை இல்ல. கடன் கேக்குறேன்."

"எப்பத் திருப்பித் தருவ?"

"ஊசி போட்டு நரம்பு திரும்புனதும். சூடு தெரிஞ்ச அன்னைக்கே எழுந்திரிச்சுக் குடுத்துடறேன்."

நெட்டை காலைக் கீழே இறக்கினாள்.

"என்னை நல்லவள்னு நினைச்சுக்காத. அதுல நீ உக்காந்திருக்கிறதைப் பாக்குற ஒவ்வொரு நாளும் உன்னைத் திட்டுவேன்."

"திட்டு. காது நல்லாத்தான் கேக்குது. என் உடம்புக்குள்ள இருக்கிற வாட்ச்மேன் அதை மட்டும் இன்னும் கண்டுபிடிக்கல."

இவள் கறை மேஜை நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்வதும் சும்மா இல்லை. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை மேல் வெள்ளையாகப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. முதல் வாரம் ஒரு கிழிசலைத் தவறவிட்டு ஓட்டல்காரனிடம் வசவு வாங்கினாள். ரோலர் பக்கம் இவள் இடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். அவளுக்கும் நெட்டைக்கும் தடித்த கையுறை கொடுத்தார்கள். ஏன் கொடுக்கிறோம் என்று மேற்பார்வையாளர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நெட்டை சொன்னபடி திட்டினாள். ஒவ்வொரு நாளும் டீ வந்ததும் முதல் கிளாஸை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்து இவள் விரல் நுனியில் ஒற்றுவாள்.

"சுடுதா, மகாராணி?"

"இல்லக்கா."

"ஊசி போடுறாளா, தண்ணி போடுறாளா உன் டாக்டரம்மா?"

மாதங்கள் போயின. பாதத்துக்குக் கீழே பஞ்சு மெலிந்து தரை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுப்பட்டது. கூடவே வேறொன்றும் வந்தது. வாய் வறண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் இறங்க மறுத்தது. கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தியது. இந்த முறை காத்திருக்காமல் போய்ச் சொன்னாள். டாக்டரம்மா சோதித்துவிட்டு, இதுவும் அதே குடும்பம்தான் என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதினாள். "அஞ்சாவது ஆளா? வரச் சொல்லுங்க, இடம் இருக்கு," என்றாள் இவள். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனாள், கோபத்தில். அடுத்த வாரம் முழங்கால் இரண்டும் வீங்கின. மாத்திரையை மாற்றினார்கள். நின்றால் கால் மடிந்துகொண்டு வந்தது.

அந்த நாட்களில் ஒன்றில் நெட்டை டீ கிளாஸை ஒற்றியபோது இவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். யோசித்து இழுக்கவில்லை. விரலே இழுத்துக்கொண்டது.

"சுடுதா?" என்றாள் நெட்டை. குரல் மாறியிருந்தது.

இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். கிளாஸ் வழுக்கியது என்று சொல்லலாம்.

"சுடுது," என்றாள் இவள்.

இருவருக்கும் கண் நிறைந்தது. தனக்கு அது சொட்டு மருந்துதான் என்று இவள் பிறகு சாதித்தாள். நெட்டை கிளாஸை மேஜை மேல் வைத்துவிட்டு ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்தாள்.

"அப்போ எழுந்திரு."

"மாட்டேன்."

"என்னது?"

"முட்டி நிக்க விடலக்கா. ரோலர்கிட்ட நின்னா விழுந்துடுவேன். விழுந்தா அந்த ஆளு காகிதத்தை எடுத்துட்டு வருவான். எழுந்திரிக்க மாட்டேன்."

"சூடு தெரிஞ்ச அன்னைக்கேன்னு சொன்னியேடி!"

"சொன்னேன்."

"ஏமாத்துக்காரி."

"ஏமாத்தணும்னா சுடலன்னு சொல்லியிருப்பேன்."

நெட்டை அந்த டீயை எடுத்துத் தரையில் ஊற்றிவிட்டுப் போனாள். அதன்பிறகு மேஜைப் பக்கம் வரவில்லை. ரோலரிலிருந்து விரிப்புகளை அவளே கொண்டுவர வேண்டியிருந்தால், மேஜையின் ஓரத்தில் எறிந்துவிட்டுத் திரும்புவாள். திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

எழுந்திருக்க முடியாது. அதற்காக நெட்டையை நிற்க வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. அந்த வாரமே முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மேற்பார்வையாளர் அறைக்குப் போனாள்.

"இன்னொரு நாற்காலி வேணும் சார். ரோலர்ல மடிக்கிற பக்கம். உயரமா இருக்கணும், உக்காந்தே மடிக்கிற மாதிரி."

"உக்காந்து மடிக்கிறதா? இது கம்பெனியா, சினிமாக் கொட்டகையா?"

"இன்னொரு கறை மேஜை போட்டாலும் சரி. விரிப்பு ரெண்டு மடங்கா வருது, ஒரு மேஜைக்குத் தாங்கல. ஓட்டல்காரன் திட்டுறது உங்களைத்தான்."

"பாக்கலாம்."

"எப்பப் பாப்பீங்க?"

"உனக்கு நாற்காலி இருக்குல்ல? அப்புறம் என்ன?"

"அது என்னோடது இல்ல சார்."

அவர் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரம் ரோலரில் துணி உள்ளே கொடுக்கும் பக்கத்துப் பெண்கள் இருவர் இவளோடு வந்தார்கள். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேற்பார்வையாளர், மேலே எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். கேட்டாரோ இல்லையோ, முகம் வேர்த்திருந்தது.

வெளியே வந்தபோது ரோலர் பக்கத்திலிருந்து நெட்டை கூப்பிட்டாள். பேச்சு நின்று எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"ஏய் இடுக்கி. என்ன சொன்னான்?"

"மேல கேட்டிருக்கேன்னான்."

"பொய் சொல்றான்."

"தெரியும். நாளைக்கும் போவேன்."

நெட்டை கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். "நல்லாச் சத்தமாக் கேளு. உன் கடன்டி அது, என் கடன் இல்ல," என்று சொல்லிவிட்டு, வெளியே வந்துகொண்டிருந்த விரிப்பை எட்டிப் பிடித்தாள்.

இவள் போய் விளக்குக்குக் கீழே உட்கார்ந்தாள். கண்ணில் மருந்தைச் சொட்டிக்கொண்டு அடுத்த விரிப்பைப் பரப்பினாள். இன்னொரு நாற்காலி இன்னும் வரவில்லை. நெட்டைக்கு அவள் ஒரு நாற்காலி கடன்பட்டிருக்கிறாள்.